பல்லவியை மட்டும் நம்பாதீர்கள்: பழைய ராக் பாட்டுகளில் உள்ளர்த்தம் தேடுவது எப்படி

'எவ்ரி ப்ரெத் யூ டேக்' என்று ஒரு பாட்டு. போலீஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழு 1983இல் வெளியிட்டது, எழுதிப் பாடியவர் ஸ்டிங். கிட்டார் ஒரே சீராக, தாலாட்டு மாதிரி போகும். நீ விடும் ஒவ்வொரு மூச்சையும், எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியையும் நான் பார்த்துக்கொண்டே இருப்பேன் என்று பாடுவார். கேட்டவுடன் ஆஹா, என்ன காதல் என்று தோன்றும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் எத்தனையோ கல்யாணங்களில் மணமக்கள் இதற்குக் கைகோத்து ஆடியிருக்கிறார்கள். ஒரு ஜோடி ஸ்டிங்கிடமே வந்து, எங்கள் கல்யாணத்தில் இதுதான் முக்கியமான பாட்டு என்று சந்தோஷமாகச் சொன்னதாம். சரி, நல்லா இருந்தால் சரி என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டாராம் அவர்.

இசையைக் கொஞ்சம் மறந்துவிட்டு வரிகளை மட்டும் ஒரு தாளில் எழுதி வாசித்துப் பாருங்கள். அவள் அவனை விட்டுப் போய்விட்டாள். அவன் விடுவதாக இல்லை. நீ எனக்குச் சொந்தம் என்பது உனக்குத் தெரியவில்லையா என்கிறான், நீ சிரிக்கிற பொய்ச் சிரிப்பையும் பார்க்கிறேன் என்கிறான், ராத்திரியைக்கூட விட்டுவைக்கவில்லை. இதைக் கல்யாண மண்டபத்தில் போடுவதைவிட மகளிர் காவல் நிலையத்தில் புகாரோடு சேர்த்துக் கொடுக்கலாம். தன் முதல் கல்யாணம் முறிந்துகொண்டிருந்த நேரத்தில் ஸ்டிங் எழுதியது இது. பொறாமை, வேவு பார்ப்பது, ஒரு மனுஷியைத் தன் உடைமையாக நினைப்பது, இதுதான் பாட்டு என்று அவரே பல தடவை சொல்லிவிட்டார். யார் கேட்டார்கள்?

இந்தப் பாட்டில் எதையும் யாரும் ஒளித்து வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாம் வரியிலேயே இருக்கிறது. நாம்தான் மெட்டில் மயங்கி விட்டுவிட்டோம். ராக் பாட்டுகளின் 'மறைபொருள்' என்று சொல்லப்படுவதில் பெரும்பாதி இந்த ரகம்தான் என்பது, இருபது வருஷமாக இந்தப் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டிருப்பவன் என்ற முறையில் என் கட்சி. மிச்சப் பாதியில், உண்மையிலேயே உருவகமாக எழுதியது கொஞ்சம் உண்டு, நாமாகக் கடப்பாரை போட்டுத் தோண்டி எடுத்த கற்பனை நிறைய உண்டு. எது எது என்று பிரித்தறியத் தெரிந்துவிட்டால் போதும், புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு வேறு பெரிய வித்தை எதுவும் தேவையில்லை.

முதலில் பார்க்க வேண்டியது, பாட்டில் பேசுவது யார் என்பதை. பாடகர் 'நான்' என்று பாடினால் அது அவரே என்று எடுத்துக்கொள்வது நமக்குப் பழக்கம். சினிமாப் பாட்டில் அந்தக் குழப்பம் வராது, திரையில் ஒரு பாத்திரம் வாயசைக்கிறதே. ராக் பாட்டில் திரை கிடையாது. எழுதியவரே பாடுவதால் அந்த 'நான்' அவரேதான் என்று நம்பிவிடுகிறோம். ஆனால் நல்ல பாட்டாசிரியர்கள் கதாசிரியர்கள் மாதிரி ஒரு ஆளை உருவாக்கி அவன் வாயால் பேசுவார்கள். ஸ்டிங்கின் பாட்டில் பேசுகிறவனை நல்லவன் என்று நினைத்ததால்தான் அது காதல் பாட்டாகிவிட்டது.

அடுத்தது, பல்லவியை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. ராக் பாட்டிலும் நம் பாட்டு மாதிரியே திரும்பத் திரும்ப வருகிற ஒரு பகுதி உண்டு, கதை நகர்கிற பகுதி வேறு. வசதிக்காகப் பல்லவி, சரணம் என்றே வைத்துக்கொள்வோம். பல்லவி கூட்டமாகச் சேர்ந்து கத்துவதற்கு. சங்கதி சரணத்தில் இருக்கும். இதற்கு அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'பார்ன் இன் த யூ.எஸ்.ஏ.' பாட்டைவிட நல்ல உதாரணம் கிடையாது.

1984இல் வந்தது. பல்லவி, நான் அமெரிக்காவில் பிறந்தவன் என்பது மட்டும்தான். டிரம்ஸ் வெடி வெடிக்கிற மாதிரி விழும், தொண்டை கிழியக் கத்துவார், ஆல்பத்தின் அட்டையில் வேறு அமெரிக்கக் கொடி. தேசபக்திப் பாட்டு என்று யார் நினைத்தாலும் குற்றம் சொல்ல முடியாது. இப்போது சரணத்துக்கு வாருங்கள். செத்துப்போன மாதிரி கிடக்கும் ஒரு ஊரில் பிறந்தவன், சின்னதாக ஏதோ வம்பில் மாட்டிக்கொள்கிறான், கையில் துப்பாக்கியைக் கொடுத்து வியட்நாம் போருக்கு அனுப்பிவிடுகிறார்கள். திரும்பி வந்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை கேட்டால், என் கையில் இருந்தால் கொடுத்திருப்பேன் தம்பி என்று ஆளெடுப்பவர் கைவிரிக்கிறார். முன்னாள் படைவீரர்களுக்கான அலுவலகத்துக்குப் போனால் அங்கேயும் இன்னும் புரியவில்லையா தம்பி என்கிற மாதிரிதான் பதில். கே சான் என்ற இடத்தில் வியட்காங் என்ற எதிரிப் படையோடு சண்டை போட்ட ஒரு சகோதரன் இருந்தான் என்கிறான். எதிரிகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், அந்தச் சகோதரன்தான் இல்லை. அந்த வரிக்குப் பிறகு பாட்டு எதுவும் சொல்லாமல் கொஞ்ச நேரம் நகரும், வார்த்தை வர வேண்டிய இடத்தில் வெறும் இசை மட்டும். எனக்கு மொத்தப் பாட்டும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அப்புறம், சைகோனில் அவன் காதலித்த பெண்ணின் கைகளில் அவன் இருக்கிற ஒரு போட்டோ மட்டும் மிச்சம் என்கிறான்.

இதையெல்லாம் கேட்ட பிறகு மறுபடியும் பல்லவி வருகிறது. அதே வார்த்தை, ஆனால் இப்போது அது பெருமையா, புலம்பலா, இங்கே பிறந்த எனக்கே இந்த கதியா என்கிற கேள்வியா? மூன்றும்தான் என்று எனக்குத் தோன்றும்.

அந்த வருஷம் அமெரிக்காவில் அதிபர் தேர்தல். செப்டம்பர் 19ஆம் தேதி நியூஜெர்சியில் ஹாமன்டன் என்ற ஊரில் பேசிய அதிபர் ரொனால்ட் ரீகன், இந்த மண்ணின் மைந்தரான ஸ்பிரிங்ஸ்டீனின் பாட்டுகளில் நம்பிக்கையின் செய்தி இருக்கிறது என்று மேடையில் புகழ்ந்துவிட்டார். சில நாளில் பிட்ஸ்பர்க் கச்சேரியில் ஸ்பிரிங்ஸ்டீன், அதிபருக்கு என் ஆல்பங்களில் எது பிடித்தது என்று யோசித்துக்கொண்டிருந்தேன், 'நெப்ராஸ்கா'வாக இருக்காது என்று நினைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, வேலை போய், குடித்து, ஆளைச் சுட்டுச் சிறைக்குப் போகிற ஒருத்தனின் பாட்டைப் பாடினார். 'நெப்ராஸ்கா' 1982இல் பெரும்பாலும் கிட்டாரை மட்டும் வைத்து வீட்டிலேயே பதிவு செய்த சோகமான ஆல்பம். 'பார்ன் இன் த யூ.எஸ்.ஏ.'வின் முதல் வடிவமும் அந்தக் காலத்துப் பதிவுதான், பின்னால் 1998இல் அதை வெளியிட்டார்கள். முடிந்தால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வார்த்தை கிட்டத்தட்ட அதேதான், ஆனால் டிரம்ஸ் இல்லாத வடிவத்தை எந்த அரசியல்வாதியும் மேடைக்குக் கொண்டுபோக மாட்டார்.

அர்த்தத்துக்குப் போகும் முன்பு வார்த்தை சரியாகக் காதில் விழுந்ததா என்று பார்ப்பதும் அவசியம். இது சொல்லத் தேவையில்லாத விஷயம் மாதிரி இருக்கும், ஆனால் தேவை. நான் கேட்டு வளர்ந்தது பதிவு செய்து கொடுத்த கேசட்டுகளில், வரிகள் அச்சடித்த தாள் எதுவும் வராது, காதில் விழுந்ததுதான் வேதம். அமெரிக்க கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வானத்தை முத்தமிடப் போகிறேன் என்று பாடியதை, இந்த ஆளை முத்தமிடப் போகிறேன் என்று ஆங்கிலம் தாய்மொழியானவர்களே வருஷக்கணக்கில் கேட்டிருக்கிறார்கள் என்றால் நாமெல்லாம் எந்த மூலைக்கு.

இதன் உச்சம் 'லூயி லூயி'. ரிச்சர்ட் பெர்ரி எழுதி 1957இல் வெளியிட்ட சாதுவான பாட்டு அது. ஒரு மாலுமி, ஜமைக்காவில் இருக்கும் தன் காதலியைப் பற்றி லூயி என்கிறவனிடம் சொல்கிறான், நான் கிளம்ப வேண்டும் என்கிறான், அவ்வளவுதான். 1963இல் ஓரிகான் மாநிலத்து போர்ட்லண்டில் கிங்ஸ்மென் என்ற பையன்கள் குழு மலிவான ஸ்டூடியோ ஒன்றில் இதைப் பதிவு செய்தது. மைக்கை உயரத்தில் தொங்கவிட்டிருந்ததால் பாடியவர் அண்ணாந்து கத்த வேண்டியிருந்தது, ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்றால் ஆபாசமாகத்தான் இருக்க வேண்டும் என்று வதந்தி கிளம்பியது. பிள்ளைகள் ஆளாளுக்கு ஒரு 'உண்மையான வரி'யைக் காகிதத்தில் எழுதிக் கைமாற்றினார்கள். ஒரு பெற்றோர் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடிக்கே கடிதம் எழுத, அமெரிக்க அரசின் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. விசாரணையில் இறங்கியது. இசைத்தட்டை வேகமாகச் சுற்றவிட்டு, மெதுவாகச் சுற்றவிட்டு, இரண்டு வருஷத்துக்கு மேல் கேட்டார்கள். கடைசியில், எந்த வேகத்தில் ஓட்டினாலும் புரியவில்லை என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். இதில் வேடிக்கை, பாட்டு தொடங்கிக் கிட்டத்தட்ட 54ஆவது நொடியில் டிரம்ஸ் வாசித்தவர் குச்சியில் ஏதோ தவறு செய்து, பின்னணியில் ஒரு அசல் கெட்ட வார்த்தையைக் கத்தியிருக்கிறார். அது விசாரணைக்காரர்கள் காதில் விழவே இல்லை.

சரி, உண்மையிலேயே உருவகமாக எழுதிய பாட்டு ஒன்றுக்கு வருவோம். 'ஹோட்டல் கலிஃபோர்னியா'. ஈகிள்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் இந்தப் பாட்டு 1976 டிசம்பரில் அதே பெயருள்ள ஆல்பத்தில் வந்தது, 1977இல் தனி இசைத்தட்டாக வந்து முதலிடம் பிடித்தது. மெட்டு டான் ஃபெல்டர் போட்டது, வரிகளில் பெரும்பங்கு டான் ஹென்லியும் க்ளென் ஃப்ரேயும். (நம் ஊரில் ஹோட்டல் என்றால் இட்லி சாம்பார் ஞாபகம் வரும், இது தங்குகிற ஹோட்டல்.)

கதை எளிது. இருட்டில் பாலைவன நெடுஞ்சாலையில் ஒருத்தன் கார் ஓட்டி வருகிறான், தூரத்தில் வெளிச்சம் மினுங்குகிறது, தலை கனத்துக் கண் மங்குகிறது, ராத்திரி தங்க வேண்டும். வாசலில் ஒரு பெண் நிற்கிறாள். இது சொர்க்கமாகவும் இருக்கலாம், நரகமாகவும் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போகிறான். உள்ளே ஆட்டம் பாட்டம், கூரையில் கண்ணாடி, ஐஸில் வைத்த ஷாம்பெயின். கடைசியில் பயந்து கதவைத் தேடி ஓடும்போது இரவுக் காவல்காரன் சொல்கிறான், எப்போது வேண்டுமானாலும் அறையைக் காலி பண்ணலாம், ஆனால் இங்கேயிருந்து போகத்தான் முடியாது.

இப்படி ஒரு கதை இருந்தால் கதை கட்டுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? அது ஒரு மனநல மருத்துவமனை என்றார்கள். சாத்தானை வழிபடுகிற கூட்டம் சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்தது, அதைப் பற்றித்தான் என்றார்கள், ஆல்பத்தின் உள்மடிப்புப் படத்தில் மாடத்தில் மங்கலாக நிற்கிற உருவம் அந்தக் கூட்டத்தின் தலைவர் என்று சத்தியம் செய்தார்கள். மெக்சிகோவில் டோடோஸ் சாண்டோஸ் என்ற ஊரில் இதே பெயரில் ஒரு ஹோட்டல் இருக்கிறது, அதுதான் என்று சுற்றுலாப் பயணிகள் போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஹோட்டல் மீது ஈகிள்ஸ் 2017இல் வழக்கே போட்டு, அடுத்த வருஷம் சமரசமாக முடிந்தது. ஆல்பம் அட்டையில் இருப்பது என்னவோ பெவர்லி ஹில்ஸ் ஹோட்டல், லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் பணக்காரர்களும் நட்சத்திரங்களும் புழங்கும் இடம். துப்பு தேடியவர்கள் மங்கலான உருவத்தைப் பார்த்தார்கள், முகப்பில் பெரிதாக இருந்த கட்டிடத்தை விட்டுவிட்டார்கள்.

அந்தக் கட்டிடத்தைப் பிடித்துக்கொண்டால் வரிகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். ஹென்லி டெக்சாஸ்காரர், ஃப்ரே டெட்ராய்ட் பக்கம், ஃபெல்டர் ஃபுளோரிடா. எல்லாரும் எங்கிருந்தோ லாஸ் ஏஞ்சலஸுக்குப் பிழைக்க வந்து, பணமும் புகழும் போதையும் கொட்டிக் கிடந்த நடுவில் விழுந்தவர்கள். ராத்திரியில் பாலைவனம் வழியாகக் காரில் வந்தால் அடிவானத்தில் முதலில் தெரிவது அந்த ஊரின் வெளிச்சம்தான். அப்பாவித்தனத்திலிருந்து அனுபவத்துக்குப் போகிற பயணம் என்று ஹென்லி இந்தப் பாட்டை விளக்கியிருக்கிறார். அதாவது ஹோட்டல் என்பது ஒரு வாழ்க்கை முறை. யாரும் பூட்டவில்லை, நாமாகப் போய் மாட்டிக்கொண்ட சிறை என்று பாட்டிலேயே ஒரு வரி வருகிறது.

இதில் சிலேடைகளைப் பாருங்கள். அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லும்போது மெர்சிடீஸ் 'பெண்ட்ஸ்' அவளிடம் இருக்கிறது என்கிறார்கள். காதில் பென்ஸ் கார், தாளில் எழுதினால் வளைவு. டிஃபனி என்ற நகைக்கடையின் பெயரும் கூடவே வரும், அவள் மனசு அந்தக் கடையால் முறுக்கிக்கொண்டது என்று. ஒரு வரியில் அவளுடைய அழகும் பணத்தாசையும் சேர்ந்து வந்துவிட்டன. காளமேகம் கேட்டிருந்தால் ஒரு தலையசைப்பு கொடுத்திருப்பார்.

இன்னொரு இடம் இதைவிடப் பிரமாதம். வந்தவன் ஒயின் கேட்கிறான். அந்த 'ஸ்பிரிட்' 1969க்குப் பிறகு எங்களிடம் இல்லை என்கிறார் பரிமாறுகிறவர். ஆங்கிலத்தில் அந்த வார்த்தைக்குக் காய்ச்சி வடித்த மது என்றும் அர்த்தம் உண்டு, உள்ளத்து உணர்வு, உத்வேகம் என்றும் உண்டு. ஏன் குறிப்பாக 1969? அந்த ஆகஸ்டில்தான் நியூயார்க் மாநிலத்தில் உட்ஸ்டாக் இசை விழா நடந்தது, லட்சக்கணக்கான இளைஞர்கள் சேற்றில் கிடந்து பாட்டுக் கேட்டு, உலகத்தையே மாற்றிவிடலாம் என்று நம்பினார்கள். அதே டிசம்பரில் கலிஃபோர்னியாவில் ஆல்டமாண்ட் என்ற இடத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரியின்போது கூட்டத்தில் ஒரு இளைஞனைக் குத்திக் கொன்றார்கள். அந்த நம்பிக்கை தீர்ந்துபோன வருஷம் 1969. ஆக, பரிமாறுகிறவர் சரக்கு இருப்பு சொல்கிற மாதிரி ஒரு தலைமுறைக்கே இரங்கல் வாசித்துவிட்டார். 2009இல் ஒரு பத்திரிகைக்காரர் ஹென்லியிடம், ஒயின் புளிக்க வைப்பது, காய்ச்சி வடிப்பது இல்லை, அதனால் இந்த வரி தப்பாயிற்றே என்று கேட்டாராம். மது எப்படித் தயாராகிறது என்று தெரியும் அளவுக்கு நானும் குடித்திருக்கிறேன், வரி சொல்வது அதுவல்ல என்கிற தோரணையில் ஹென்லி வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். எனக்கு அந்தப் பத்திரிகைக்காரர் மேல் கொஞ்சம் பரிதாபம்தான், ஆனால் நேர் அர்த்தத்திலேயே நின்றுவிட்டால் இதுதான் நடக்கும்.

ஆக, காலமும் இடமும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அப்படியானால் பாட்டாசிரியரையே கேட்டுவிட்டால் முழுவதும் முடிந்ததா? அங்கேதான் சிக்கல்.

பீட்டில்ஸின் 'லூசி இன் த ஸ்கை வித் டைமண்ட்ஸ்' 1967இல் வந்தது. தலைப்பில் முக்கியமான மூன்று வார்த்தைகளின் முதலெழுத்தை எடுத்தால் எல்.எஸ்.டி., அந்தக் காலத்தின் பிரபல போதைப் பொருள். வரிகளோ ஆரஞ்சு நிற மரங்கள், மார்மலேட் வானம் என்று போகும். வேறென்ன வேண்டும்? ஆனால் அதை எழுதிய ஜான் லெனன் சாகும் வரை மறுத்தார். தன் மகன் ஜூலியன் பள்ளியிலிருந்து ஒரு படம் வரைந்து கொண்டுவந்தான், என்ன இது என்று கேட்டதற்கு, கூடப் படிக்கிற லூசி வைரங்களோடு வானத்தில் இருக்கிறாள் என்றான், அதுதான் தலைப்பு என்றார். வரிகளில் வரும் படகு, ஆறு, விசித்திர ஜீவன்கள் எல்லாம் லூயிஸ் கேரல் குழந்தைகளுக்காக எழுதிய ஆலிஸ் கதைகளின் பாதிப்பு. அந்தப் படம் இன்றும் இருக்கிறது, லூசியும் நிஜமான சிறுமிதான். லெனன் போதைப் பழக்கத்தை மறைத்த ஆளும் இல்லை, வேறு பாட்டுகளில் அதன் பங்கை வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர், இதில் மட்டும் பொய் சொல்ல என்ன அவசியம்? அதனால் நான் அவரை நம்புகிறேன். ஆனால் 2004இல் குழுவின் இன்னொரு பாட்டாசிரியர் பால் மெக்கார்ட்னி, போதையின் சாயல் இந்தப் பாட்டில் இருப்பது வெளிப்படைதானே என்கிற மாதிரிச் சொன்னார். அதையும் நம்புகிறேன். தலைப்பு குழந்தையின் படத்திலிருந்து வந்திருக்கலாம், அந்த வண்ணங்களைப் பார்த்த கண் 1967ஆம் வருஷத்துக் கண். இரண்டும் ஒரே பாட்டில் இருக்கலாம். (1974இல் எத்தியோப்பியாவில் 30 லட்சம் வருஷத்துக்கும் முந்தைய எலும்புக்கூடு ஒன்றைக் கண்டெடுத்த ஆராய்ச்சியாளர்கள், அன்று கூடாரத்தில் இந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்ததால் அதற்கு லூசி என்றே பெயர் வைத்தார்கள். பாட்டு எங்கெங்கோ போய்விடுகிறது.)

எதுவுமே ஒளிந்திராத பாட்டும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். கிட்டார் கற்கிற எல்லாரும் முதலில் வாசிக்கிற டீப் பர்ப்பிளின் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்', தண்ணீர் மேல் புகை. தலைப்பைக் கேட்டால் ஏதோ கஞ்சா சமாசாரம் அல்லது தத்துவம் மாதிரி இருக்கும். நிஜத்தில் அது ஒரு செய்தி அறிக்கை. 1971 டிசம்பர் 4ஆம் தேதி சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோவில், ஏரிக்கரை கேசினோவில் ஃபிராங்க் ஜாப்பாவின் கச்சேரி நடக்கும்போது கூட்டத்தில் யாரோ சமிக்ஞைத் துப்பாக்கியால் கூரையைச் சுட்டுவிட, கட்டிடமே எரிந்துபோனது. ஆல்பம் பதிவு செய்ய அந்த ஊருக்கு வந்திருந்த டீப் பர்ப்பிள் குழு ஏரி மேல் புகை பரவுவதைப் பார்த்து, நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டது. ஜாப்பா பெயர் வரும், ரோலிங் ஸ்டோன்ஸிடம் வாடகைக்கு எடுத்த பதிவு வண்டிகூட வரும். இதில் போய்ப் பூடகம் தேடினால் காலிப் பானையைத் துழாவுகிற கதைதான்.

தேடியே தீருவேன் என்று கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் பீட்டில்ஸ்தான் உதாரணம். 1969 அக்டோபரில் அமெரிக்கக் கல்லூரிப் பத்திரிகைகளிலும் டெட்ராய்ட் வானொலி ஒன்றிலும் கிளம்பிய கதை இது: பால் மெக்கார்ட்னி செத்துச் சில வருஷம் ஆகிவிட்டது, இப்போது இருப்பது போலி ஆள், மற்ற மூவரும் பாட்டிலும் அட்டையிலும் ரகசியமாகத் துப்பு வைத்திருக்கிறார்கள். 'ஆபி ரோடு' அட்டையில் பால் வெறுங்காலோடு நடக்கிறாரா, அப்படியானால் பிணம். லெனன் வெள்ளை உடை, பாதிரியார். ஜார்ஜ் ஜீன்ஸ் போட்டிருக்கிறார், குழி வெட்டுபவர். பின்னால் நிற்கிற காரின் எண்ணில் 28 வருகிறது, உயிரோடு இருந்தால் அவருக்கு வயது 28. கணக்குப் போட்டால் அப்போது 27தான், ஆனால் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடக் கிளம்பியவர்களுக்கு ஒரு வயசு ஒரு பொருட்டா? 'லைஃப்' பத்திரிகை ஸ்காட்லாந்தில் அவருடைய பண்ணைக்கே போய், குடும்பத்தோடு படம் எடுத்து அட்டையில் போட்ட பிறகுதான் கொஞ்சம் அடங்கியது.

இதன் இன்னொரு கிளை, பாட்டைப் பின்னோக்கி ஓட்டுவது. 1982இல் கலிஃபோர்னியா சட்டமன்றக் குழு ஒன்றின் முன்னால் லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாட்டைத் தலைகீழாக ஓட்டிக் காட்டி, சாத்தான் துதி கேட்கிறதா இல்லையா என்றார்கள். எங்கள் இசைத்தட்டுக் கருவிகள் ஒரே திசையில்தான் சுற்றும், முன்னோக்கி என்று லெட் செப்பலினின் இசைத்தட்டு நிறுவனம் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டது. கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்து 1985இல் எழுதினார்கள். தலைகீழாக ஓடும் பேச்சைச் சும்மா கேட்டால் ஆட்களுக்கு எதுவும் பிடிபடவில்லை. இன்ன வார்த்தை வரும், கவனியுங்கள் என்று சொல்லிவிட்டால் அந்த வார்த்தை கேட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதை ஆய்வுக்கூடத்தில் நிரூபித்த மாதிரி. வேண்டுமென்றே பின்னோக்கிச் செய்தி வைத்தவர்களும் உண்டு, ஆனால் அதெல்லாம் கிண்டல். பிங்க் ஃபிளாய்டின் 1979 ஆல்பத்தில் ஒரு இடத்தைத் திருப்பி ஓட்டினால், வாழ்த்துகள், ரகசியச் செய்தியைக் கண்டுபிடித்துவிட்டீர்கள், பதிலை அனுப்புங்கள் என்று ஒரு முகவரியும் சொல்வார்கள்.

சிரித்துவிட்டுப் போகலாம் என்றால் எப்போதும் அப்படி முடிவதில்லை. 'ஹெல்டர் ஸ்கெல்டர்' என்ற பீட்டில்ஸ் பாட்டு 1968இல் வந்தது. இங்கிலாந்தில் பொருட்காட்சி மைதானங்களில் கோபுரத்தைச் சுற்றி வளைந்து இறங்கும் சறுக்கு மரம் ஒன்று இருக்கும், அதன் பெயர் அது. பாட்டு அதன் மேலே ஏறிக் கீழே சறுக்குவதைப் பற்றித்தான். அமெரிக்காவில் அந்தப் பெயருக்குப் பழக்கம் இல்லை. அங்கே தன்னைச் சுற்றி ஒரு பக்தர் கூட்டத்தைச் சேர்த்து வைத்திருந்த சார்ல்ஸ் மேன்சன், அதை வரப்போகிற இனப்போரின் முன்னறிவிப்பு என்று அந்தக் கூட்டத்துக்குச் சொல்லிவைத்தான் என்பதுதான், அந்தக் கூட்டம் 1969 ஆகஸ்டில் செய்த கொலைகளின் வழக்கில் அரசுத் தரப்பு முன்வைத்த வாதம். கொலை நடந்த வீட்டுக் குளிர்பெட்டியில் அந்தப் பெயரை எழுத்துப் பிழையோடு ரத்தத்தில் எழுதியிருந்தார்கள்.

கடைசியாக, இந்த விளையாட்டை எல்லாரையும்விட ரசித்தவரும் வெறுத்தவரும் ஆன லெனனிடமே வருகிறேன். 1967இல் அவர் படித்த லிவர்பூல் பள்ளியிலிருந்து ஒரு மாணவன் கடிதம் போட்டான், எங்கள் ஆங்கில ஆசிரியர் வகுப்பில் பீட்டில்ஸ் பாட்டுகளுக்கு அர்த்தம் சொல்லச் சொல்கிறார் என்று. அதே பள்ளியில் உருப்படமாட்டான் என்று பெயர் வாங்கியவர் லெனன். சந்தோஷம் தாங்கவில்லை. பாதியில் விட்ட வரிகளை ஒட்டவைத்து, சின்ன வயசுக் கிண்டல் பாட்டுகளைச் சேர்த்து, வேண்டுமென்றே தலையும் புரியாமல் காலும் புரியாமல் 'ஐ ஆம் த வால்ரஸ்' எழுதினார், அதாவது நான்தான் வால்ரஸ் (வால்ரஸ் என்பது தந்தம் உள்ள ஒரு கடல் பிராணி). எழுதி முடித்துப் பக்கத்திலிருந்த நண்பரிடம், இதுக்குச் சொல்லட்டும் பார்க்கலாம் அர்த்தம் என்றாராம், நடுவில் ஒரு கெட்ட வார்த்தையோடு. ஒலிக்கலவையின்போது பிபிசி வானொலியைத் திருகி, அப்போது எதேச்சையாக ஓடிக்கொண்டிருந்த ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகத்தை அப்படியே பாட்டின் முடிவில் கலந்தார்கள். அதில் ஒரு பாத்திரம் சாகும்போது அகால மரணம் என்று அலறுகிறது. இரண்டு வருஷம் கழித்து, பால் செத்துவிட்டார் என்றவர்களுக்கு அதுவும் ஒரு சாட்சி. 1968இல் லெனன் வேறொரு பாட்டில், இதோ இன்னொரு துப்பு, அந்த வால்ரஸ் பால்தான் என்று, பாட்டுகளில் அர்த்தம் தேடுகிறவர்களைச் சீண்டுவதற்காகவே எழுதியிருந்தார். பால் செத்துவிட்டார் என்றவர்கள் அதையும் துப்பாகவே எடுத்துக்கொண்டார்கள்.

வால்ரஸை அவர் எடுத்தது லூயிஸ் கேரலின் ஒரு பாட்டிலிருந்து. கடற்கரையில் ஒரு வால்ரஸும் ஒரு தச்சனும் நடந்து போகிறார்கள், குட்டிச் சிப்பிகளை நைச்சியமாகப் பேசிக் கூட்டிக்கொண்டு போய்க் கடைசியில் தின்றுவிடுகிறார்கள். 1980இல் ஒரு பேட்டியில் லெனன் சொன்னார், எழுதும்போது அதையெல்லாம் யோசிக்கவில்லை, பிறகு போய்ப் படித்துப் பார்த்தால் வால்ரஸ்தான் கெட்டவன், தச்சன்தான் நல்லவன், அடடா ஆளை மாற்றிப் பிடித்துவிட்டேனே, நான்தான் தச்சன் என்று பாடியிருக்க வேண்டும் என்று. நானும் போய்க் கேரலைப் படித்துப் பார்த்தேன். தச்சனும் சிப்பி தின்றிருக்கிறான், கைக்குக் கிடைத்த மட்டும்.